இலுப்பையடிக் கண்டத்தின் மூன்றாம், நான்காம் துண்டுகள்

வலது கையில் ஒரு தென்னை ஈர்க்கு. அதன் நுனி தேய்த்து மழுக்கப்பட்டிருந்தது. பெரிய பதிவேட்டின் கீழ் மூலையில் அது நுழைந்து, மெல்ல எழும்பி, தாள் தானாகப் புரள்வதுபோல அதைத் தூக்கிற்று. இடது உள்ளங்கை காத்திருந்து தாளை ஏந்திக்கொண்டது. விரல்கள் எழுத்தைத் தொடவேயில்லை. எழுபது எண்பது வருடத்துத் தாள் அது. மூலையைப் பிடித்து இழுத்தால் மூலை மட்டும் கையோடு வரும், யாரோ ஒருவருடைய பெயரையும் பிய்த்துக்கொண்டு. தாள் மறுபக்கம் சாய்ந்து படுத்த பிறகுதான் ஈர்க்கு கீழே வைக்கப்பட்டு பென்சில் எடுக்கப்பட்டது. பழைய ஏடுகளுக்குப் பக்கத்தில் அந்தக் கைகள் பேனாவைத் திறந்ததே இல்லை.

பென்சில் முதலில் எழுதியது காணிக்காரரின் பெயரை அல்ல. வடக்கே யார், தெற்கே யார், கிழக்கே யார், மேற்கே யார் என்று நான்கு எல்லைகளையும் எழுதிவிட்டு, அதற்குப் பிறகே நடுவில் இருப்பவரின் பெயரை எழுதிற்று.

கல்முனைக் காணிப் பதிவகத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்த ஈர்க்கைத் தெரியும். அதற்குச் சொந்தக்காரியான ஹப்ஸாவையும் தெரியும். ஐம்பத்து நான்கு வயது. சட்டம் படித்தவர் அல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். காணிப் பத்திரங்களை எழுதிப் பதியும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் தட்டச்சுக்குச் சேர்ந்து, உறுதி என்னும் அந்தப் பத்திரங்களைத் தட்டித் தட்டியே உறுதி என்றால் என்னவென்று கற்றுக்கொண்டவர். பழைய எழுதுவினைஞர்களின் கொக்கி கொக்கியான ஆங்கிலக் கையெழுத்தை ஒரு எழுத்துக்கு ஒரு நாள் என்று பழகியவர். இப்போது யாராவது காணி வாங்கவோ விற்கவோ பிரிக்கவோ போனால், அந்தக் காணி யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்று முதல் கையிலிருந்து கடைசிக் கைவரை எழுதித் தருவது அவர் தொழில். "ஹப்ஸாட கடதாசி" என்றால் வழக்கறிஞர்கள் மறுபடி தேடப் போவதில்லை.

எல்லையை முதலில் எழுதும் பழக்கம் கடல் வந்த வருடத்தில் தொடங்கியது. இரண்டாயிரத்து நான்கு டிசம்பருக்குப் பிறகு கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அலுமாரியோடு உறுதியைப் பறிகொடுத்தவர்கள் நொத்தாரிசின் கந்தோர் வாசலில் வரிசையாக நின்றார்கள். உறுதியின் இலக்கம் என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எழுதிய வருடம் தெரியாது. எழுதிய நொத்தாரிசு பெயரும் தெரியாது. ஆனால் கேட்காமலே ஒன்றைச் சொன்னார்கள்: "எங்கட வளவுக்கு வடக்கால ஆதங்காக்கா, கிழக்கால பள்ளிக் காணி." கணவனை இழந்தவளும் சொன்னாள், பிள்ளையை இழந்தவனும் சொன்னான். தன் பெயரை மறந்தாலும் பக்கத்து வளவுக்காரன் பெயரை மறக்காத சனம். அப்படியானால் பக்கத்துக்காரன் உறுதியைத் தேடிப் பிடித்தால் இவன் பெயர் அதில் எல்லையாக இருக்குமே என்று ஹப்ஸாவுக்குத் தோன்றியது. தேடினார். இருந்தது.

அன்றிலிருந்து அவர் தேடிய ஒவ்வொரு உறுதியின் எல்லைக்காரர்களையும் ஒற்றைக்கோட்டுக் கொப்பிகளில் ஊர்வாரியாகவும், வயற்பரப்பென்றால் கண்டவாரியாகவும் எழுதி வைத்தார். யாரும் கேட்கவில்லை. பதினேழு கொப்பிகள் சேர்ந்தன. சைக்கிள் கடை வைத்திருக்கும் அவர் கணவர் இஹ்ஸான் அந்தக் கொப்பிகளைப் பார்த்துச் சிரிப்பார்.

"ஊர்ல ஆருக்குப் பக்கத்தில ஆருட காணி எண்டு ஒனக்கு மனப்பாடம். பக்கத்து ஊட்டுல இண்டைக்கு என்ன கறி எண்டு மட்டும் தெரியாது."

"கறி நாளைக்கு மாறும். காணி மாறினா எழுதணும்" என்பார் ஹப்ஸா, தலையை நிமிர்த்தாமல்.

இந்த ஜனவரியில் அவர் புரட்டிக்கொண்டிருந்தது இலுப்பையடிக் கண்டத்தின் ஏடுகளை. சம்மாந்துறைக்கும் வீரமுனைக்கும் நடுவில் கிடக்கும் வயற்பரப்பு அது. அதில் மூன்றாம் துண்டு ஐந்து ஏக்கர், மேற்கே தார் வீதியைத் தொட்டது. நான்காம் துண்டும் ஐந்து ஏக்கர், அதற்குக் கிழக்கே ஒட்டிக்கொண்டு வாய்க்கால் வரை போவது; அதற்கு இறங்கும் பாதை வாய்க்காலைத் தாண்டித்தான்.

வேலையைக் கொண்டு வந்தவர் முர்ஷித். சம்மாந்துறைக்காரர், பதினான்கு வருடம் கத்தாரில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வீதியோரம் ஒரு அரிசி ஆலை போட வேண்டும் என்பது அவர் கனவு. பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு உறுதிகளைப் போட்டு, பிறந்த பிள்ளையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"ராத்தா, இதுல தேட ஒண்டும் இல்ல. மூணாந் துண்டு எங்கட உம்மாட வாப்பா, மூத்தவாப்பா முகம்மது தம்பி வாங்கின உறுதி இது. எங்கட உம்மாக்குச் சீதனம் எழுதின உறுதி இது. பிரச்சின காலத்தில வீரமுனைப் பக்கத்தாக்கள் புடிச்சி வெள்ளாம செய்றாங்க. இப்ப அதுல ஒரு பொம்புள இரிக்கா, கேதீஸ்வரி எண்டு. கையில ஒரு கடதாசி இல்ல. இந்தப் போகம் வெட்டினதும் எழும்பணும் எண்டு சொல்லிட்டன்."

"நீங்க இப்ப எதுல செய்றீங்க?"

"வாய்க்கால் பக்கத் துண்டுல. நாலாந் துண்டு. அதுவும் எங்கட தான். வாப்பா மௌத்தாகிற வரைக்கும் அதுலதான் செஞ்சாரு. அதுட உறுதிதான் எங்கயோ தவறிட்டு."

"உம்மாக்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டன். ரோட்டுக் காணி ஆருட உம்மா எண்டு கேட்டன். எங்கட வாப்பாட காணி எண்டு சொன்னா. பிறகென்ன?"

ஹப்ஸா இரண்டு உறுதிகளையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். முத்திரைகள் சரி. கையொப்பங்கள் சரி.

"எழுதித் தாறன் தம்பி. ஆனா தேடிக் கிடைச்சத எல்லாம் எழுதுவன். பிறகு இது வேணும், இது வேணாம் எண்டு கதைக்கக் கூடாது."

"தாராளமா எழுதுங்க. மறைக்க எங்களுக்கு என்ன இரிக்கி?"

பதிவேடுகள் முர்ஷித் சொன்னதையே சொல்லின. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் வீரமுனைச் சின்னப்போடியின் தகப்பன் இரண்டு துண்டுகளையும் அரசாங்கத்திடம் வாங்கியிருந்தார். நாற்பத்தொன்பதில் சின்னப்போடி வீதியோரத்து மூன்றாம் துண்டை முகம்மது தம்பிக்கு விற்றிருந்தார். எழுபத்தொன்றில் முகம்மது தம்பி அதை மகள் சல்மா உம்மாவுக்குச் சீதனமாக எழுதியிருந்தார். அவ்வளவுதான். கண்ணாடித் தண்ணீர் மாதிரி ஒரு வரலாறு. வேறு யாராக இருந்தாலும் அன்று பின்னேரமே தட்டச்சு செய்து கொடுத்திருப்பார்கள்.

ஹப்ஸா பத்தாவது கொப்பியை எடுத்தார். இலுப்பையடிக் கண்டம் அதில்தான் இருந்தது.

நான்காம் துண்டுக்கு வடக்கே அலியார் என்பவருடைய காணி. எழுபத்தெட்டில் அலியார் அதைத் தன் இரண்டு மக்களுக்குப் பிரித்தபோது எழுதிய உறுதியில் தெற்கு எல்லை இப்படி இருந்தது: முகம்மது தம்பியின் மருமகன் காணி. பதிவேட்டின்படி அங்கே சின்னப்போடியின் காணி அல்லவா இருக்க வேண்டும்? சரி, ஒரு பிழை என்று வைப்போம். மூன்றாம் துண்டுக்குத் தெற்கே இருந்த காணியும் எண்பத்திரண்டில் பிரிக்கப்பட்டிருந்தது. அதன் வடக்கு எல்லை: சிவக்கொழுந்து காணி. சிவக்கொழுந்து சின்னப்போடியின் மகள்.

ஹப்ஸா பென்சிலைக் கீழே வைத்தார். ஒருவன் தன் காணியைப் பற்றிப் பொய் சொல்லலாம். அடுத்தவன் காணியைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு என்ன தேவை? அதுவும் இந்த இரண்டு உறுதிகளும் காணி பிரிக்க அளவையாளர் நேரில் வந்து, வரம்பில் நின்று, இது யாருடையது, அது யாருடையது என்று கேட்டு எழுதியவை. இரண்டு பேர், நான்கு வருட இடைவெளியில், எதிரெதிர்த் திசைகளிலிருந்து பார்த்து ஒரே கதையைச் சொல்கிறார்கள். வீதியோரம் சின்னப்போடி குடும்பம். வாய்க்கால் பக்கம் முகம்மது தம்பி குடும்பம். காகிதமோ நேர் தலைகீழ்.

மறுநாள் காலை ஹப்ஸாவின் வீட்டுப் படலை வாசலில் ஒரு பெண் நின்றார். வெயிலில் கறுத்த கை, கணுக்காலில் காய்ந்த சேறு. வயலிலிருந்து நேரே பஸ் ஏறியிருக்க வேண்டும்.

"நீங்கதானா அந்தக் கத்தார்ப் பொடியனுக்குக் காணி வரலாறு எழுதுறது?"

"ஓம். நீங்க கேதீஸ்வரி அக்காவா? உள்ள வாங்க."

"உள்ள வந்து இருக்கிறதுக்கு வரல்ல. எங்கள எழுப்புறதுக்கு எழுதுறவட மூஞ்சைய ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தன்."

"பாத்திட்டீங்கதானே. இப்ப தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க."

கேதீஸ்வரி கோபத்தோடுதான் உட்கார்ந்தார். ஆனால் உட்கார்ந்ததும் கோபம் கரைந்து பயம் மேலே வந்தது. "தொண்ணூறில கலவரத்தில வீடு எரிஞ்சதோட உறுதியும் போயித்து. மூணு வருசம் அகதியாக் கிடந்துபோட்டுத் திரும்பி வந்து அந்தக் காட்ட வெட்டி வயலாக்கினது நானும் அவரும். அவர் செத்து ஆறு வருசம். ரெண்டு போகம் நெல்லும் அதிலதான். அம்மா தந்த காணி எண்டு தெரியும். வேற ஒண்டும் எனக்குத் தெரியாது. அவன் உறுதியக் கொண்டு வந்து காட்டுறான். நான் எதக் காட்ட? என்ட கால்ச் சேத்தையா?"

"அம்மாட பேர் சிவக்கொழுந்து தானே?"

கேதீஸ்வரி திடுக்கிட்டுப் பார்த்தார்.

"காணி எப்பவும் இந்த ரோட்டுப் பக்கந்தானா? வாய்க்கால் பக்கம் ஒங்கட ஆக்கள் எப்பவாவது செஞ்சதா அம்மா சொல்லி இரிக்காவா?"

"நான் பிறக்கிறதுக்கு முன்ன தாத்தா அங்கால எங்கயோ செஞ்சவராம். கால்ல வண்டில் ஏறிக் கால் போனதுக்குப் பிறகு வாய்க்காலத் தாண்ட ஏலாம ரோட்டுப் பக்கம் வந்திட்டாராம். அவ்வளவுதான் தெரியும்."

"போகத்த வெட்டுங்க அக்கா. வெட்டி முடியிறதுக்கிடையில நான் எழுதி முடிச்சிருவன்."

"எழுதி முடிச்சா எனக்கு என்ன கிடைக்கும்?"

"அது எனக்கு இன்னும் தெரியாது" என்றார் ஹப்ஸா. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் ஆறுதல் அவரிடம் கிடையாது. ஆனால் பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து போய் ஏற்றிவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் இலுப்பையடிக் கண்டத்துக்கே போனார். கதிர் தலைசாய்ந்து கிடந்தது. கண்டத்தின் வட்டவிதானை றாஸிக் வரம்பில் மோட்டார் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றார். தண்ணீர் திறப்பது, கட்டுவது, மாடு புகாமல் பார்ப்பது எல்லாம் வட்டவிதானையின் பொறுப்பு. றாஸிக்கின் தகப்பனும் அதே கண்டத்துக்கு வட்டவிதானையாக இருந்தவர்.

"தண்ணிக் கணக்குக் கொப்பியா வேணும் ராத்தா? அது பத்து வருசத்துக்குத்தான் இரிக்கி."

"தண்ணி வேணாம். வேலிக் கொப்பி இரிக்கா?"

றாஸிக் வாயைப் பிளந்தார். "அத ஆரு கேக்குற? மின்சார வேலி வந்ததோட அந்தக் கதையே முடிஞ்சி போச்சு."

பெரும்போகம் விதைக்குமுன் கண்டத்தைச் சுற்றி வேலி அடைப்பது அந்தக் காலத்து வழக்கம். யானைக்கும் மாட்டுக்கும் காவல். ஆளுக்கு எத்தனை ஏக்கரோ அத்தனை பாகம். யாருடைய வயல் எந்தப் பக்கமோ, பெரும்பாலும் வேலிப்பங்கும் அந்தப் பக்கம். பங்கை அடைக்காதவன் வயலுக்குள் மாடு இறங்கினால் அவன் பேச முடியாது. ஆகையால் பட்டியலை வட்டவிதானை மிகக் கவனமாக எழுதுவார்; எழுதியதைக் கூட்டத்தில் வாசிப்பார்; பிழை இருந்தால் அங்கேயே சண்டை வரும். காணி உறுதியை யாரும் கூட்டத்தில் வாசிப்பதில்லை. வேலிப் பட்டியலை வாசித்தார்கள்.

றாஸிக் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய கொப்பிகளைக் கறையான் கொஞ்சம் சாப்பிட்டிருந்தது. ஹப்ஸா தன் ஈர்க்கை எடுத்தார். முற்பகல் முழுவதும் புரட்டினார். அறுபத்திரண்டாம் வருடப் பட்டியலில் வாய்க்கால் பக்கம் சின்னப்போடி, வீதிப் பக்கம் முகம்மது தம்பி. அறுபத்து மூன்றில் வீதிப் பக்கம் சின்னப்போடி, வாய்க்கால் பக்கம் முகம்மது தம்பி. பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி: இருவரும் சம்மதித்து மாற்றிக்கொண்டது. அதற்குக் கீழே ஒரு கையொப்பம், ஒரு கைநாட்டு.

"அல்லாஹ்!" என்றார் றாஸிக். "எங்கட வாப்பாட எழுத்துத்தான் இது."

காலொடிந்த சின்னப்போடிக்கு மகள்கள் மட்டும். மாரியில் கழுத்தளவு ஓடும் வாய்க்காலைத் தாண்ட அவர் வீட்டில் ஆள் இல்லை. முகம்மது தம்பிக்கு நான்கு ஆண்மக்கள். ஏக்கர் சமம், மண் சமம். இரண்டு பேரும் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்கள், ஊர் கேட்டது, முடிந்தது. உறுதி எழுத வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. ஊரே சாட்சியாக இருக்கும்போது காகிதம் எதற்கு?

பிழை அங்கே நடக்கவில்லை. கலியாண வீட்டில் நடந்தது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குச் சீதனம் எழுதாமல் நிக்காஹ் இல்லை, தாலி இல்லை. பந்தலுக்குக் கால் நடும் அவசரத்தில் தகப்பன் பழைய உறுதியை எடுத்துக்கொண்டு போய் "இதப் பாத்து எழுதுங்க" என்று கொடுப்பான். எல்லைகள் பழைய உறுதியிலிருந்து எழுத்துக்கு எழுத்து இறங்கும். சல்மா உம்மாவின் உறுதியில் மூன்றாம் துண்டு இறங்கியது அப்படித்தான். சின்னப்போடியும் அதையே செய்திருப்பார் என்று ஹப்ஸா கணக்குப் போட்டார். மறுபடி பதிவகத்துக்குப் போய் சிவக்கொழுந்து என்ற பெயரில் தேடினார். இரண்டாம் நாள் கிடைத்தது. அறுபத்தாறாம் வருடம், சீதன உறுதி, நான்காம் துண்டு. காலே வைக்காத வாய்க்கால் காணியை அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அறுபது வருடமாக இரண்டு குடும்பங்களும் ஒன்றை உழுது இன்னொன்றைக் காகிதத்தில் மகளுக்குக் கொடுத்திருந்தன.

முர்ஷித்திடம் ஹப்ஸா முழுவதையும் சொன்னார். முர்ஷித் தன் உறுதிகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப நாலாந் துண்டுக்கு அவட உம்மாட பேர்ல உறுதி இரிக்கி."

"இரிக்கி. பதிவுல நல்லாக் கிடக்கு."

"அது அவக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

"ராத்தா..." முர்ஷித் மேசை விளிம்பைத் தடவினார். "மூணாந் துண்டு எனக்கு உறுதிப்படி. நாலாந் துண்டு அறுபது வருசமா நாங்க செஞ்சி வந்த ஆட்சிப்படி. நீங்க மூணாந் துண்டுட வரலாற மட்டும் எழுதித் தந்தாப் போதும். அவட உறுதிய நீங்க தேடிக் குடுக்க வேணும் எண்டு அவ கேக்கவுமில்லயே."

"அவக்கு வாய்க்கால் காணிக்கு உறுதி. ரோட்டுக் காணிக்கு ஆட்சி. அதே கதைய அவவும் கோட்டுல சொல்லுவா. ரெண்டு வயலும் பத்து வருசம் புல்லு முளைச்சுக் கிடக்கும். ஆலையும் இல்ல, நெல்லும் இல்ல."

"சொல்லுறதுக்கு அவக்குத் தெரியணுமே."

ஹப்ஸா அவர் முகத்தைப் பார்த்தார். கெட்ட மனிதனின் முகம் அல்ல அது. பதினான்கு வருடம் பாலைவனத்தில் ஒரு ஆலையைக் கனவு கண்டவனின் முகம்.

"தம்பி, நாலாந் துண்ட விட்டுட்டு மூணாந் துண்டுட வரலாறு எழுத ஏலாது. அறுபத்து மூணுல ரெண்டும் ஒண்டுக்குள்ள ஒண்டு போயிட்டு. நான் எழுதினா முழுக்க எழுதுவன். இல்லாட்டி ஒங்கட உறுதியக் கொண்டு போங்க, வேற ஆளப் பாருங்க. ஆனா ஒண்டு. உறுதி ஒங்கட பேர்ல இல்ல. உம்மாட பேர்ல. காணிக்காரிக்கு வாசிச்சுக் காட்டாம நான் எந்த வரலாறையும் கட்டி வைக்கிறதில்ல."

சல்மா உம்மாவுக்கு எழுபத்தொரு வயது. காது கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். ஹப்ஸா எழுபத்தொன்றாம் வருடத்துச் சீதன உறுதியை முதல் வரியிலிருந்து வாசித்தார். மேற்கு எல்லை வீதி என்று வந்ததும் உம்மா கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டு புள்ள. அது ஆருட உறுதி?"

"ஒங்கட. இந்தா ஒங்கட கைநாட்டு."

"என்ட விரல்தான். ஆனா இது என்ட காணி இல்லயே! எனக்குச் சீதனம் தந்தது வாய்க்கால் காணி. கலியாணம் முடிச்சு முதல் போகம் அதுல வெட்டித்தான் மருமகன் எண்டு எங்கட வாப்பா அவரக் கூட்டிட்டுப் போனாரு. நான் சோறு கட்டிக்கிட்டுப் போயி வாய்க்கால்ல செருப்ப உட்டுட்டு வந்தது எனக்கு மறக்குமா? ரோட்டுக் காணில நான் காலும் வெச்சதில்ல."

"அப்ப நான் கேட்டப்ப ஏன் உம்மா வாப்பாட காணி எண்டு சொன்னீங்க?" முர்ஷித்தின் குரல் பள்ளிக்கூடப் பையனுடையதாகிவிட்டது.

"நீ என்ன கேட்டாய்? ஆருட காணி எண்டு கேட்டாய். வாப்பாட காணிதான். வாப்பா காசு குடுத்து வாங்கின. பிறகு மாத்தினாரா எண்டு நீ கேட்டியா? அரைக் கேள்வி கேட்டா அரைப் பதில்தான் வரும், மகன்."

ஹப்ஸா சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

"ஆலைக்கு அதானே உம்மா நல்ல இடம்" என்றார் முர்ஷித், கடைசி முறையாக.

"நல்ல இடந்தான். அடுத்தவட இடம்." சல்மா உம்மா வெற்றிலைச் சாற்றைப் படிக்கத்தில் துப்பிவிட்டு மகனைப் பார்த்தார். "அந்தப் பொம்புளைய எழும்பச் சொல்லிட்டியாமே. நாளைக்குப் போயி, சொன்ன வாயாலயே இருங்க எண்டு சொல்லிட்டு வா. எங்கட வாப்பா கூட்டத்தில எழும்பி நிண்டு குடுத்த சொல். நான் உசிரோட இரிக்கக்குள்ள அது கீழ விழக் கூடாது. புள்ள ஹப்ஸா, இத மாத்தி எழுத வழி இரிக்கா?"

"இரிக்கி உம்மா. நீங்க ரோட்டுத் துண்ட அவக்கு எழுதிக் குடுங்க. அவ வாய்க்கால் துண்ட ஒங்களுக்கு எழுதிக் குடுக்கட்டும். ஒரே உறுதில ரெண்டையும் மாத்தலாம். வரலாறு சரியா இருந்தா நொத்தாரிசு எழுதுவாரு. கேதீஸ்வரி அக்கா, மௌத்தாப் போன அவட உம்மாட ஒரே புள்ள. அதுக்கும் அத்தாட்சி எடுத்திட்டன்."

முர்ஷித் மறுநாள் போனார். என்ன பேசினார் என்று ஹப்ஸாவுக்குத் தெரியாது. ஆனால் திரும்பி வரும்போது அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு புதுநெல் உரப்பை கட்டியிருந்ததை றாஸிக் பார்த்ததாகச் சொன்னார்.

அம்மாவின் உறுதியைக் கேதீஸ்வரிக்கும் வாசித்துக் காட்டி, மாற்றி எழுத அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொண்ட பிறகு ஹப்ஸா பதினொரு நாள் எழுதினார். ஒரு பக்கம் மூன்றாம் துண்டு, மறுபக்கம் நான்காம் துண்டு, ஒவ்வொரு கையும் ஒவ்வொரு வரி. உறுதியின் இலக்கம், திகதி, எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், நான்கு எல்லை. அறுபத்து மூன்றில் இரண்டு வரிகளும் ஒன்றையொன்று வெட்டிக் கடந்தன. அந்த இடத்தில் வேலிக் கொப்பியின் பக்க எண்ணையும் அலியார் உறுதியையும் தெற்குக்காரர் உறுதியையும் அவர் தனித்தனியாகக் குறித்தார். தான் நேரில் கண்டது எது, பதிவில் படித்தது எது, வாயால் கேட்டது எது என்று மூன்றையும் கலக்கவில்லை. சல்மா உம்மாவின் செருப்புக் கதை கேட்டதில் சேர்ந்தது. நான்காம் நாள் ஒரு திகதியில் பிழை வந்தது. அழிக்கவில்லை, தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். இஹ்ஸான் தேத்தண்ணியைக் கொண்டு வந்து மேசையின் தூரத்து ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். எழுதும் நாட்களில் அவருக்கும் பகிடிப் பேச்சு கிடையாது.

மூன்று பிரதிகள். ஒன்று உறுதியோடு இணைக்க நொத்தாரிசுக்கு. ஒன்று சல்மா உம்மாவுக்கு. ஒன்று வீரமுனைக்கு.

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை கல்முனையில் மாற்று உறுதி எழுதப்பட்டது. சல்மா உம்மா முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். கேதீஸ்வரி பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார், கோயிலுக்குப் போவதுபோல. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் சல்மா உம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒங்கட பக்கம் இந்த முற எத்தின மூட நெல்லு?" இரண்டாவது, "அறக்கொட்டியான் பூச்சி அடிக்கல்லயா?" நொத்தாரிசு தொண்டையைச் செருமும் வரை அவர்கள் நெல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

நொத்தாரிசு உறுதியை வாசிக்கத் தொடங்கினார். "எல்லையில இருந்து வாசிங்க" என்றார் சல்மா உம்மா. "இந்த முறை நான் கேட்டுட்டுத்தான் விரல் வைப்பன்." வாசித்தார். வைத்தார். கேதீஸ்வரி கையொப்பம் போட்டார். முர்ஷித் ஒரு சாட்சியாகவும் றாஸிக் மற்றொரு சாட்சியாகவும் ஒப்பமிட்டார்கள். முர்ஷித்தின் பேனா தாளுக்கு மேல் ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கியது.

எல்லாரும் எழுந்தபோது கேதீஸ்வரி எழவில்லை.

"உறுதி பதிஞ்சு வரக் கொஞ்ச நாள் போகும் எண்டாங்க. நான் வெறுங்கையோடயா போறது?"

"இல்ல அக்கா" என்றார் ஹப்ஸா.

கைப்பையிலிருந்து பழுப்பு உறையை எடுத்தார். உள்ளே மடிக்காத தாள்கள், ஓரம் தைக்கப்பட்டிருந்தன. கேதீஸ்வரி அதை வாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இதில நான் எங்க இருக்கன்?"

ஹப்ஸா முதல் தாளைத் திறந்து, மேலே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் விரலை வைத்தார். சின்னப்போடியின் தகப்பன். விரல் கீழே இறங்கியது. சின்னப்போடி. அறுபத்து மூன்றில் ஒரு தாளிலிருந்து மறுதாளுக்குக் கடந்தது. சிவக்கொழுந்து. அந்தப் பெயரில் விரல் கொஞ்சம் நின்றது, கேதீஸ்வரி எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கும்வரை. பிறகு கடைசி வரிக்கு வந்தது. வடக்கே, தெற்கே, கிழக்கே, மேற்கே என்று நான்கு எல்லைகள். கிழக்கு எல்லையில் சல்மா உம்மா. நடுவில், மை நன்றாகக் காய்ந்து, கேதீஸ்வரி.

ஹப்ஸா தாள்களை ஒழுங்காகத் தட்டி உறைக்குள் இட்டு, உறையை இரண்டு கையாலும் நீட்டினார். கேதீஸ்வரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.